நானாவின் இரைப்பையில் வளர்ந்தது

இனி எப்படியும் வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்ற நம்பிக்கையில்தான் அன்று மதினியும் நானும் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

கற்பிட்டி வீதியில் லொறி மோதி, என் கூடப்பிறந்த மூத்த நானா தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தார். கண்டக்குழியில் கடலுக்குப் போய் உரமேறிய உடம்பு. சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, இருந்தது. அதை அவர் ஒரு வருத்தமாகவே கணக்கெடுத்ததில்லை. விலா எலும்புகள் உடைந்து, மெஷினில் மூச்சுவிட்டு, அதற்குள் நிமோனியாவும் வந்து, எல்லாவற்றையும் தாண்டிவிட்டார். முந்திய நாள்தான் மதினியின் விரலைப் பிடித்து அழுத்தியிருந்தார்.

உள்ளே போனால், மூக்கில் போட்டிருந்த குழாய் வழியாகக் கறுப்பாக ஏதோ வந்துகொண்டிருந்தது. வயிறு ஊதியிருந்தது. தாதி ஓடிவந்து கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்தார்.

வாய்வழியாகக் கெமராக் குழாயை விட்டுப் பார்த்த டொக்டர், வெளியே வந்து எங்களைக் கதிரையில் இருக்கச் சொன்னார்.

"இரைப்பையில பங்கஸ் பிடிச்சிருக்கு. ஒரு பக்கம் கறுத்துச் செத்துப்போச்சு."

"பங்கஸ் எண்டா, பாண்ல பிடிக்கிற பூஞ்சணமா?" என்று கேட்டேன்.

"ஓம், அதில ஒரு வகை."

"உசிரோட இருக்கிற மனுசன்ட வயித்துலயா?"

மதினி கதிரையிலிருந்து எழுந்துவிட்டார். "நான் பழுதான சாப்பாடு ஒண்டும் குடுக்கல்லையே, டொக்டர்."

"உங்களால வந்ததில்ல. காத்திலயும் மண்ணிலயும் இருக்கிறதுதான். சுகமா இருக்கிற ஆக்கள அது பெரும்பாலும் ஒண்டும் செய்யாது. இவருக்கு எதிர்க்கிற சக்தி இல்லாமப் போச்சு. ரத்தத்தில சீனியும் கூடிக் கிடக்கு."

லொறிக்குத் தப்பிய மனிதனை, கண்ணுக்குத் தெரியாத ஒன்று உள்ளிருந்து தின்றுகொண்டிருந்தது. நாங்களோ வெளியே இருந்து, தேறிவிட்டார் என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அன்றே வயிற்றைத் திறந்து, கெட்டுப்போன பகுதியை வெட்டி எடுத்தார்கள். பூஞ்சணத்துக்கான மருந்தும் ஏற்றினார்கள். அவர் பிறகு கண் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்கு முன் மவுத்தானார்.

மையத்து வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் லொறிக்காரனை ஏசினார்கள். உச்சமுனையிலிருந்து வந்திருந்த நானாவின் கூட்டாளி, "அந்த அடியில ஆரு தப்புவா?" என்றார்.

"அடியில தப்பிட்டார், காக்கா. வயித்துல பூஞ்சணம்…" என்று தொடங்கினேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார், துக்கத்தில் புத்தி தடுமாறியவனைப் பார்ப்பதுபோல. உள்ளறையில் மதினி விம்முவது கேட்டது. தான் கொடுத்த சாப்பாடுதானோ என்று அவர் பயந்தது நினைவுக்கு வர, நான் பேச்சை நிறுத்திவிட்டேன்.