என் வண்டியில் அவர்கள் பெயர்

இரண்டாயிரத்துச் சொச்சத்தில், ஓசூர் தொழிற்சாலையில் எனக்கு வேலை நிரந்தரமான கையோடு ஒரு ஸ்கூட்டர் வாங்கினேன். எங்கள் வீட்டுக்கு வந்த முதல் வண்டி அது. ஓசூரிலேயே எடுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. கிருஷ்ணகிரியில்தான் எடுக்க வேண்டும் என்று அப்பா ஒற்றைக்காலில் நின்றார்.

"பெரிய வூட்டு சின்னவரு அங்க கடை வச்சிருக்காரு. அவரு இருக்கறப்ப வேற எடத்துல வாங்குனா என்னா நெனப்பாங்க, கண்ணு?"

பெரிய வீடு என்றால், குந்தாரப்பள்ளிக்கு உள்ளே தள்ளி இருக்கும் எங்கள் ஊரில் பாதி நிலத்தை வைத்திருந்த குடும்பம். அப்பாவும் அவருடைய அப்பாவும் அவர்கள் வயலில்தான் உழைத்தார்கள். என் சம்பளம், என் வண்டி. ஆனாலும் அவர்கள் என்ன நினைப்பார்களோ என்பதுதான் அப்பாவுக்குக் கவலை. சரி, போய்த் தொலையட்டும் என்று சம்மதித்தேன்.

டெலிவரி அன்று வண்டியைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முன்பக்கம், பின்பக்கம், மட்கார்டு, எங்கே பார்த்தாலும் பெரிய வீட்டுக் குடும்பப் பெயர். வண்டியைச் செய்த கம்பெனியின் பெயரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பின் சீட்டுக்கு நேர் கீழே மஞ்சள் எழுத்தில் இருந்ததுதான் எல்லாவற்றிலும் பெரியது. "எல்லா வண்டிக்கும் ஒட்டறதுதான் மேடம்" என்றார் ஷோரூம்காரர். குந்தாரப்பள்ளிச் சந்தையில் மாட்டை விற்றவன் தன் கயிற்றை அவிழ்த்துக்கொள்வான், வாங்கியவன் புதுக் கயிறு கட்டி ஓட்டிப் போவான். இங்கே விற்றவர்கள் கயிற்றை அவிழ்க்கவே இல்லை.

எங்கள் பகுதிக்குப் பெரிய வீட்டுத் தெரு வழியாகத்தான் போக வேண்டும். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் அங்கே சைக்கிளைக்கூடத் தள்ளிக்கொண்டுதான் போவார்கள். இப்போது யாரும் இறங்கச் சொல்வதில்லை. பையன்கள் ஓட்டிக்கொண்டேதான் போகிறார்கள். அப்பா வயதுக்காரர்கள்தான் இன்னும் மாறவில்லை. அன்று அவரை இறங்கவே விடாமல் வீட்டு வாசல்வரை கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும் என்பது என் வைராக்கியம். வண்டி வாங்கியதே அதற்காகத்தான் என்றுகூடச் சொல்வேன்.

கிருஷ்ணகிரியிலிருந்து வழியெல்லாம் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தவர், தெருமுனையில் என் தோளைத் தட்டினார்.

"நிறுத்து கண்ணு. எறங்கிக்கறேன்."

"ஏன்ப்பா? இது நம்ம வண்டி."

"நம்மளுதுதான். அவங்க பேரு எழுதியிருக்குதே. அதும்மேல குந்திக்கிட்டு அவங்க வாசல்ல எப்படிப் போறது?"

அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. ஷோரூமில் யாரோ பெருமையாக வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். அவர் நடக்க, நான் பக்கத்திலேயே மெதுவாக ஓட்டிக்கொண்டு போனேன். அழுகை வந்தது. அதைவிடக் கோபம் அதிகமாக வந்தது.

ஓசூர் திரும்பியதும் என்னோடு அறையில் தங்கியிருந்த தோழிகளும் நானும் சுடுதண்ணீரும் தேங்காய் எண்ணெயுமாக உட்கார்ந்தோம். சுரண்டிச் சுரண்டி நகம் தேய்ந்தது, பெயரும் போனது. முதல் சர்வீஸுக்கு அதே கிருஷ்ணகிரி ஷோரூமில்தான் விட்டேன். வண்டியைக் கழுவித் துடைத்து, பழையபடி எல்லா இடத்திலும் ஒட்டிக் கொடுத்தார்கள். "உதிர்ந்துடுச்சு போல மேடம், புதுசா போட்டுட்டோம்" என்று அன்பாகத்தான் சொன்னார்கள். அந்த அன்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? மறுநாள் தொழிற்சாலை வாசலில் செக்யூரிட்டி, தெலுங்கும் தமிழும் கலந்து, ஷோரூம் ஓனர் எனக்குச் சொந்தமா என்று கேட்டார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவர்கள் வீட்டில் எங்களுக்குத் தண்ணீர் தரும் டம்ளரே வேறு.

மறுபடியும் சுரண்டினேன். அடுத்த விடுமுறைக்குப் போனபோது அப்பா குந்தாரப்பள்ளி பஸ் ஸ்டாப்பில் காத்திருந்தார். அவர் கையைப் பிடித்து வண்டியின் பின்பக்கத்தைத் தடவ வைத்தேன்.

"பாருப்பா, வழவழன்னு இருக்குது. ஒரு எழுத்தும் இல்ல."

அவர் நம்பர் பிளேட்டைத் தொட்டு, "இது?" என்றார்.

"அது சர்க்கார் நம்பர்ப்பா."

தலையாட்டிவிட்டு ஏறிக்கொண்டார். எனக்கு நம்பிக்கை வந்தது. தெருமுனை வந்ததும் தோளில் கை தட்டியது.

"பேருதான் இல்லியேப்பா!"

"வண்டியிலதான் இல்ல. அவங்க கடையில வாங்குனதுன்னு அவங்களுக்குத் தெரியுமில்ல? நீ போ கண்ணு, நான் பின்னால வர்றேன்."

வந்த ஆத்திரத்தில் அவரை அங்கேயே விட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினேன். அவர் வராவிட்டால் போகட்டும், நான் உட்கார்ந்தபடியே போகிறேன், எல்லாரும் பார்க்கட்டும் என்று வேண்டுமென்றே ஹாரன் அடித்துக்கொண்டு போனேன். பெரிய வீட்டு வாசலில் அந்த வீட்டு அம்மா நின்றிருந்தார்.

"ஏ புள்ள, நம்ம கடை வண்டியா அது?"

அதட்டலெல்லாம் இல்லை. சும்மாதான் கேட்டார்.

"ஆமாங்கம்மா" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் கவனித்தேன். வண்டியை அணைத்திருந்தேன். கீழே இறங்கி நின்றுகொண்டிருந்தேன்.