தவிடு கொடுத்து மீட்காத பிள்ளை

சண்முகவடிவு எனக்கு மகள் முறை. என் பெரியம்மா மகள் வெள்ளையம்மாவுக்கு மூன்றாவதாகப் பிறந்தவள். முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. இதுவாவது நிற்கட்டும் என்று றொசல்லப் பக்கம் இருக்கிற எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயில் படியில் கிடத்தி, சாமிக்கே பிள்ளையைக் கொடுத்துவிட்டார்கள். மூன்றாம் வெள்ளிக்கிழமை ஒரு முறம் தவிடு கொடுத்துத் திருப்பி வாங்கவேண்டும், அதுதான் வழக்கம். அதுவரைக்கும் பிள்ளை வீட்டில்தான் பால் குடிக்கும், ஆனால் சாமி பிள்ளை.

இரண்டாம் வெள்ளிக்கே வெள்ளையம்மா காய்ச்சலில் போய்விட்டாள். இழவு வீட்டில் தவிட்டை யார் நினைத்தது? அப்பன்காரன் கொழும்புக்குப் போனவன் அங்கேயே வேறு குடும்பமாகிவிட்டான்.

வடிவு நாலு வீட்டில் வளர்ந்தாள். அத்தை வீட்டில் ஆறு வருஷம், பட்டிப்பொலயில் தாய்மாமன் சிவசாமி வீட்டில் மூன்று, எங்கள் வீட்டில் இரண்டு, பிறகு வலப்பனையில் ஒரு சித்தப்பா வீடு. யாரும் அடிக்கவில்லை. ஆனால் கோபம் வந்தால் எல்லார் வாயிலும் வருவது ஒன்றுதான்: "ஒரு மொறம் தவிடு கொடுக்க ஆளில்லாதவ." நானும் ஒரு தடவை சொல்லியிருக்கிறேன்.

கல்யாணமாகி, தான் பிறந்த தோட்டத்துக்கே வந்தாள். புருஷன் அழகுமுத்து தேயிலைச் செடிக்குக் கவாத்து வெட்டுகிறவன், தங்கமான ஆள். அவன் வேலைவிட்டு வர அரை மணி சுணங்கினால் போதும், வடிவு வாசலிலேயே நிற்பாள். வந்த பிறகு அவனோடு ஒரு வார்த்தை பேசமாட்டாள். பக்கத்து வீட்டுக்குக் குழம்பு கொடுத்து, கிண்ணம் வெறுமையாகத் திரும்பி வந்தால் அந்த வீட்டோடு ஒரு வாரம் பேச்சில்லை. தன்னை யார் வேண்டாம் என்று சொல்லப்போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். பிள்ளையும் பிறக்கவில்லை.

அவளுடைய நாற்பத்துமூன்றாவது வயதில் அழகுமுத்துவின் தங்கச்சி ஜீவராணி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். அவளைப் புருஷன் விட்டுவிட்டுப் போயிருந்தான். இரண்டரை வயது மகள் சஸ்மிதாவை அண்ணன் வீட்டில் விட்டாள். வடிவு பிள்ளையைக் குளிப்பாட்டினாள், நேரத்துக்குச் சோறு கொடுத்தாள். மடியில் மட்டும் தூக்கவில்லை. அது கையை நீட்டிக்கொண்டு வந்தால் குடத்தை எடுத்துக்கொண்டு பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போய்விடுவாள். போகப்போகப் பிள்ளை கை நீட்டுவதை விட்டது. சுவர் ஓரமாகப் படுத்துக்கொண்டு சோற்றையும் பாதியில் வைத்தது.

அழகுமுத்துவால் பார்க்க முடியவில்லை. ஹட்டனில் பிள்ளைகளை வைத்துப் பார்க்கிற மடம் இருக்கிறது, திங்கட்கிழமை கொண்டுபோய் விடுகிறேன் என்றான். ஏன் பிள்ளையைத் தூக்கமாட்டேன் என்கிறாய் என்று நான் ஓடிப்போய் வடிவைக் கேட்டேன்.

"நாளைக்கு அவ ஆத்தா வந்து கூட்டிக்கிட்டுப் போயிருவா, சின்னம்மா. நான் திரும்பவும் யாருமில்லாம நிக்கணுமா?"

அப்போதுதான் எனக்கு அந்தத் தவிடு ஞாபகம் வந்தது. மீட்காமல் விட்டதால்தான் இவள் மனசு எங்கேயும் ஒட்டவில்லை என்று நினைத்தேன். உடனே சிவசாமி அண்ணனுக்கு போன் போட்டேன். எழுபத்தெட்டு வயதிலும் மனுஷன் ரயிலேறி வந்தார். தவிடு வாங்க நஸார் நானா கடைக்குப் போனால், மாட்டுக்கா என்று கேட்டார். மகளை மீட்க என்றேன். எந்தப் பொலிஸில் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று பதறிப்போனார்.

இந்த வயதில் என்ன கூத்து என்று வடிவு சிணுங்கினாள். ஆனால் வெள்ளிக்கிழமை விடிந்ததும் தலைக்குக் குளித்து முதல் ஆளாக நின்றது அவள்தான். ஒரு தடவையாவது ஒருத்தர் வந்து தன்னைக் கேட்கவேண்டும் என்று உள்ளுக்குள் இருந்திருக்கிறது.

அதே படியில் அவளை உட்கார வைத்தோம். கீழே அழகுமுத்து பிள்ளையோடு நின்றான். பூசாரி கந்தப்பன் சூடம் கொளுத்தி அம்மனைப் பார்த்துக் கேட்டார்:

"தாயே, நாப்பத்திமூணு வருஷமா நீ வெச்சிருக்க உன் மகளைக் கேட்டு வந்திருக்காங்க. கொடுக்குறியா?"

சிவசாமி முறத்தை நீட்டினார். வடிவு எழுந்திருக்கவில்லை. கால் மரத்துவிட்டதோ என்று நான் பக்கத்தில் போனேன். அவள் முகம் நனைந்திருந்தது.

"வெரசா எந்திரி தாயி, கை வலிக்குது," என்றார் சிவசாமி.

"வேணாம் மாமா. யாரும் மீட்கலைன்னா நான் இன்னும் இவ பிள்ளைதானே? நாலு வீட்டுக்கு அலைஞ்சப்பவும் இவ பிள்ளையாத்தானே அலைஞ்சிருக்கேன். இவ என்னைய விடவே இல்ல. எனக்குத்தான் தெரியல. நான் இப்படியே இருந்துக்குறேன்."

 முறையில் இப்படி ஒன்று இல்லையே என்று கந்தப்பன் தலையைச் சொறிந்தார். அப்படியானால் இந்தத் தவிட்டை என்ன செய்ய என்று சிவசாமி கேட்க, "என் மாட்டுக்குக் கொடுங்க," என்றார் பூசாரி. எல்லாரும் சிரித்தோம். வடிவும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

பிறகு படியிறங்கிப் போய், புருஷன் கையிலிருந்து பிள்ளையை வாங்கினாள். அது முதலில் கட்டை மாதிரி விறைத்துக்கொண்டு இருந்தது. வாகைமரம் வரைக்கும் நடந்த பிறகுதான் அவள் தோளில் தலையைச் சாய்த்தது.

திங்கட்கிழமை ஹட்டனுக்குப் போகவேண்டாமா என்று அழகுமுத்து மெதுவாகக் கேட்டான்.

"போகணும். பிள்ளை காலுக்குச் சப்பாத்து வாங்கணும்," என்றாள்.

மூன்று வருஷம் கழித்து ஜீவராணி வந்தாள். கினிகத்தேனையில் வீடு எடுத்து மகளைக் கூட்டிப்போக நின்றாள். பிள்ளை வடிவின் சேலைக்குள் ஒளிந்தது.  வடிவு குனிந்து அதன் கையை எடுத்து ஜீவராணி கையில் வைத்தாள். "உங்க அம்மாடா. லீவு விட்டா அத்தைகிட்ட வா, நான் இங்கதான் இருப்பேன்," என்றாள். பஸ் திரும்புகிற வரைக்கும் கை காட்டினாள். அழுதாள்தான். ஆனால் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்தாள்.

அவளைத் தனியாக விடக்கூடாது என்று பொழுது சாயும்வரை நான் அங்கேயே இருந்தேன். பக்கத்து வீட்டுக்குக் குழம்பு கொடுத்தனுப்பினாள். கிண்ணம் வெறுமையாகத் திரும்பி வந்தது. கழுவிக் கவிழ்த்து வைத்தாள். அழகுமுத்து அன்றைக்கென்று ஒரு மணி நேரம் பிந்தி வந்தான், வாசலிலேயே தயங்கினான்.

"சுடுதண்ணி போட்டிருக்கேன், குளிச்சிட்டு வாங்க," என்று உள்ளேயிருந்து சொன்னாள் வடிவு.