றொனால்ட் நட்ட தூண்கள்

சப்பாத்து நுனியால் தூணின் காலை இரண்டு தட்டுத் தட்டாமல் றொனால்ட் எந்தக் கடைக்குள்ளும் நுழையமாட்டார். பாரிசில் லா சப்பல் மெத்ரோ ரயில் பாலத்தின் இரும்புத் தூண்களில் அவருடைய சப்பாத்தை அறியாதது ஒன்றுமில்லை. கோவிலில்கூட, நெற்றியில் சிலுவை போட்ட கை கீழே வருவதற்குள் கால் பக்கத்துத் தூணைத் தேடிப் போய்விடும். தட்டியதும், "நல்ல இறுக்கம்," என்று தனக்குத்தானே தலையாட்டிக்கொள்வார்.

சென் தெனியில் ஒரு பொறியியல் பியூறோவில் வேலை. இரும்புக் கட்டுமானங்களைக் கணினியில் நிறுத்தி, அவற்றின் மேல் பாரத்தையும் காற்றையும் ஏற்றிப் பார்க்க வேண்டும். அந்த மென்பொருள் ஒவ்வொரு தூணுக்கும் ஒரு கேள்வி கேட்கும்: கால் நிலத்தில் அசையாமல் இறுகி நிற்கிறதா, கதவுப் பிணைச்சல்போலத் திரும்புமா, அல்லது இரண்டுக்கும் நடுவிலா? அடித்தகடு, போல்ட், கீழே உள்ள நிலம் மூன்றையும் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும். றொனால்ட் அவ்வளவுக்கு மெனக்கெடுவதில்லை. எல்லாத் தூணுக்கும் "இறுக்கம்" என்று ஒரு தட்டு. ஆட்டம் அடங்கிவிடும், திரையில் சிவப்பெல்லாம் பச்சையாகிவிடும். "ஒரு கிளிக். அலுவல் முடிஞ்சுது," என்பார்.

முடிவது அங்கே இல்லை. பக்கத்து மேசை எலோடி அதை வாங்கி, கீழே என்ன நிலம் என்று விசாரித்து, பேசாமல் திருத்தி அனுப்புவாள். அதனால்தான் றொனால்ட் நட்ட எதுவும் இதுவரை ஆடவில்லை. அந்தப் பெருமையை மட்டும் அவர் எவரோடும் பங்குபோடுவதில்லை.

கலியாணமோ முதல்நன்மையோ, படத்துக்கு நிற்கும்போது நடுவிடம் அவருக்கு. "நடுவிலை நான் நிண்டாத்தான் பலன்ஸ்," என்று சொல்லிக்கொண்டே உள்ளே புகுவார். மாப்பிள்ளையும் பொம்பிளையும் ஓரமாக ஒதுங்கிச் சிரிப்பார்கள்.

மனைவி பியட்றிஸின் தம்பி றொஜர் லா சப்பலில் பலசரக்குக் கடை எடுத்தான். அரிசி மூட்டைகளை அடுக்கக் கடைக்குள் ஓர் இரும்புப் பரண் வேண்டியிருந்தது. அத்தான் இருக்க அவன் ஏன் வெளியாளைத் தேடப் போகிறான்? றொனால்ட் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே கணினியில் நாலு தூணையும் நிறுத்தினார். நாலுக்கும் இறுக்கம். இந்த வேலை எலோடியின் மேசைக்குப் போகவில்லை. ஒரு நாள் கடைக்குப் போய் நிலத்தைச் சப்பாத்தால் தட்டிப் பார்த்துவிட்டு, "ஆனையையும் ஏத்தலாம் தம்பி," என்றார். ஆழம் அறியாமல் காலை விடாதே என்பார்கள். றொனால்ட் விட்டது தூணின் காலை.

திறப்பு விழாவன்று சோடாப் போத்தல்கள் எடுக்க அவரை நிலவறைக்கு அனுப்பினார்கள். பாரிசில் பழைய கடைகளுக்குக் கீழே நிலவறை இருக்கும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். றொனால்ட் அன்றைக்குத்தான் இறங்கினார். தலைக்கு மேலே காறை உதிர்ந்த செங்கல் வளைவு. அதைத் துளைத்துக்கொண்டு அவருடைய தூணின் போல்ட்டுகள் நுனி நீட்டிக்கொண்டிருந்தன. ஒன்றை விரலால் தொட்டார். ஆடியது.

வயிறு சரியில்லை என்று பியட்றிஸிடம் சொல்லிவிட்டுக் காருக்குள் போயிருந்து மடிக்கணினியைத் திறந்தார். நாலு காலையும் பிணைச்சலாக மாற்றிப் பார்த்தார். பரண் முழுக்கச் சிவந்தது. இப்போது சொன்னால் மூட்டைகளை ஏற்றாமல் விடலாம். ஆனால் சொந்தக்காரர் அத்தனை பேர் முன்னாலும் மானம் போய்விடும். றொனால்ட் நாலு காலையும் திரும்ப இறுக்கமாக்கினார். பச்சை வந்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. அந்தப் பச்சைக்குக் கீழே யார் யார் நிற்பார்கள் என்று கணினி கேட்கவில்லை.

கடைக்குத் திரும்பி றொஜரை ஓரமாகக் கூப்பிட்டார்.

"மூட்டையளை இண்டைக்கே ஏத்த வேணுமோ?"

"எல்லாம் ஏத்தியாச்சு அத்தான். நீங்கள்தானே ஆனையையும் ஏத்தலாம் எண்டனீங்கள்."

"ஓம், ஓம்," என்றார் றொனால்ட்.

சுவாமியார் தீர்த்தம் தெளித்து முடிந்ததும் எல்லோரும் பரணுக்குக் கீழே படத்துக்குக் கூடினார்கள். நடுவிடத்தை வழமைபோல அவருக்கென்று விட்டிருந்தார்கள். தானே எடுப்பதாக றொனால்ட் சொன்னதும் பியட்றிஸ் அவருடைய நெற்றியைத் தொட்டுக் காய்ச்சலா என்று பார்த்தாள். அவர் நடைபாதைக்குப் போய்ப் போனை உயர்த்தினார்.

"வெளிச்சம் காணாது. கொஞ்சம் முன்னுக்கு வாங்கோ."

வந்தார்கள். இன்னும் கொஞ்சம் என்றார். பிறகு இன்னும் கொஞ்சம் என்றார். கடைசியாகச் சுவாமியாரும் படியிறங்க, மூட்டைகளைச் சுமந்தபடி பரண் மட்டும் கடைக்குள் தனியே நின்றது. தெருவில் நின்றவர்களுக்குச் சிரித்துச் சிரித்து வாய் வலிக்கத் தொடங்கியது. படம் எடுத்து முடிந்தால் எல்லோரும் திரும்ப உள்ளே போய்விடுவார்கள்.

"எடுங்கோ அத்தான்," என்றான் றொஜர்.

றொனால்டின் விரல் பொத்தானுக்கு மேலேயே நின்றது, கீழே வரவில்லை.