பிலோமினா அக்காவின் இரண்டு ஹாரன்

வீட்டு வாசலில் வேன் நின்றதும் பிலோமினா அக்கா இரண்டு முறை ஹாரன் அடிப்பார். மூன்றாவது முறை அடிக்கமாட்டார். எஞ்சினை அணைக்கவும் மாட்டார். வேன் முழுதும் நடுங்க, கண்ணாடியில் தொங்கும் செபமாலை குலுங்க, ஜன்னல் வழியே தலையை நீட்டி, "முருகையாண்ணே, கைலியோட வர்றீங்களோ சிலுவாரோட வர்றீங்களோ, ஓடியாங்க!" என்று கத்துவார். முருகையாவுக்கு அறுபத்தெட்டு வயது. சிறுநீரகம் இரண்டும் பழுதாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அவரால் ஓடமுடியாது என்பது பிலோமினா அக்காவுக்கும் தெரியும். கத்தாவிட்டால் அவர் நடக்கவும் மாட்டார் என்பதும் தெரியும்.

எஞ்சினை அணைத்தால் வேன் மறுபடி கிளம்பாது. ஸ்டார்ட்டர் கெட்டு ஐந்து மாதமாகிறது. தஞ்சோங் காராங் ஒர்க்‌ஷாப்பில் கேட்டால், "பழைய மோடல்கா, சாமான் வரணும் லா" என்கிறார்கள். அதுவரை தள்ளித்தான் எடுக்கவேண்டும். எங்கள் வட்டாரமோ தாம்பாளம் போலத் தட்டை. வயல், வாய்க்கால், செம்பனை, மறுபடியும் வயல். இருக்கிற ஒரே சரிவு வாய்க்கால் பாலத்தினுடையது. அந்தச் சரிவில்தான், முன்சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டைகொடுத்து வேனை நிறுத்தி வைப்பார். காலையில் கல்லை எடுத்துவிட்டால் தானாக உருண்டு உயிர் பிடித்துக்கொள்ளும். கோல சிலாங்கூர் டயாலிசிஸ் நிலையத்தின் முன்னால் சரிவு கிடையாது. அங்கே இரண்டு காவலாளிகளும் ஓர் ஆண் தாதியும் தள்ளுகிறார்கள். "என் வேனத் தள்ளித் தள்ளியே அந்தப் பையனுக்கு ஒடம்பு நல்லா ஏறிடுச்சி, பாத்தியா? பொண்ணு பாக்கலாம்," என்பார் அக்கா.

வேன் மாதா கோயிலுக்குச் சொந்தம். தகரக் கூரை போட்ட சின்னக் கோயில். எழுபது பேர் நெருக்கி உட்காரலாம். சாமியார் பெரிய பங்குக் கோயிலிலிருந்து மாதம் இருமுறை வருவார். மற்ற நாட்களில் கோயிலைப் புழங்குகிறவர்கள் பெரும்பாலும் அக்கம்பக்கத்தார்தான். சனிக்கிழமை மண்டபத்தில் நடக்கும் டியூஷனுக்கு முப்பது பிள்ளைகள் வருகிறார்கள்; அதில் ஆறு பேர்தான் கோயில் குடும்பத்துப் பிள்ளைகள். மாரியம்மன் கோயில் தீமிதிக்கு இங்கிருந்து நூறு நாற்காலி போகும். திரும்பி வரும்போது ஒன்றிரண்டில் குங்குமம் அப்பியிருக்கும். பிலோமினா அக்கா ஈரத்துணியும் கையுமாக உட்கார்ந்து துடைப்பார். "போன வருஷம் ஒன்ன தொடைக்காம விட்டுட்டேன். ஞாயித்துக்கிழம பூசைக்கு மேரி டீச்சர் வெள்ள சீலையில வந்து ஒக்காந்தாங்க. அப்புறம் கேக்கணுமா?"

திங்கள், புதன், வெள்ளி என வாரம் மூன்று நாள் வேன் டயாலிசிஸுக்குப் போகிறது. ஐந்து நோயாளிகள். ஐந்து பேர் வீட்டிலும் சாமி மேடையில் முருகனோ அம்மனோதான்.

அக்காவுக்கு ஐம்பத்தாறு வயது. கட்டை குட்டையான உடம்பு. முடியை ஒட்ட வெட்டி, தலையில் ஒரு நீலத் தொப்பி. கோயில் வேனை ஓட்டுமுன் பதினெட்டு வருடம் பள்ளி பஸ் ஓட்டியவர். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. ஐந்து பேரையும் முதலாம் வகுப்புப் பிள்ளைகளாகத்தான் நடத்துகிறார். "பை இருக்கா? போர்வ இருக்கா? காலையில எத்தன கிளாஸ் தண்ணி? பொய் சொல்லக்கூடாது, அங்க தராசு காட்டிக் குடுத்துரும்." ஒருநாள் முருகையா போர்வைக்குள் குளிர்பான போத்தலை ஒளித்து வைத்திருந்ததைக் கண்டுபிடித்து, வண்டியை ஓரங்கட்டி, அவர் கண்ணெதிரிலேயே சாலையோரப் புல்லில் ஊற்றினார். பிறகு டப்பாவிலிருந்து ஓர் எலுமிச்சை மிட்டாயை எடுத்து நீட்டினார். "இத சப்புங்க. நாக்கு ஈரமா இருக்கும்."

நெடுநாள் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்த எனக்கு, வேறு வேலை அமையும்வரை, வேனின் சறுக்குக் கதவைத் திறந்து மூடும் பொறுப்பு. "எத்தன நாடு சுத்துன நீ? ஒரு கதவச் சாத்தத் தெரியல. தூக்கு, ஒதை, அப்புறம் தள்ளு." இருபது வருடத்துக்கும் மேலாக அதே சாலையில் ஓட்டுகிறீர்களே, சலிக்கவில்லையா என்று கேட்டேன். "சலிக்க எங்க நேரம்? இவங்க ஒழுங்கா ஏறி எறங்கினாத் தானே சலிக்கும்!"

வேனில் யார் எங்கே உட்காருவது என்பதும் அவர் வகுத்ததுதான். ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கை அம்சவள்ளி அம்மாவுடையது. ஊசி போடும் கை இடது கை. அது ஜன்னல் பக்கம் இருந்தால் யாரும் இடிக்கமாட்டார்கள். அம்சவள்ளி ஐம்பத்தொன்பது வயதுவரை செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கியவர். அவரும் அக்காவும் தோட்டத்தில் பக்கத்துப் பக்கத்து லயன் வீடுகளில் வளர்ந்தவர்கள். போகிற வழியெல்லாம் வானொலியில் பழைய பாட்டு. அம்சவள்ளி சுருதியோடு பாட, அக்கா சுருதியில்லாமல் கூடப் பாடுவார். அக்கம்பக்கத்தார் ஏறியிருக்கும்போது வேனில் கோயில் பாட்டு போடக்கூடாது என்பது அக்காவே போட்டுக்கொண்ட சட்டம்.

அப்படிப் பார்த்துப் பார்த்து நடக்கிறவருக்கு ஒரு புதன்கிழமை சறுக்கிவிட்டது.

அன்று தவக்காலத்தின் முதல் நாள். மாலை ஐந்துக்குப் பூசை. சாமியார் நெற்றியில் சாம்பல் பூசும் நாள். டயாலிசிஸ் முடிந்து திரும்பவே நேரமாகிவிட்டது. "ஒரு அஞ்சு நிமிஷம் ஒக்காருங்க, சாம்பல் மட்டும் வாங்கிட்டு வந்துர்றேன்," என்று எஞ்சினை ஓடவிட்டுக் கோயில் வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போனார். நெற்றியில் சாம்பலோடு ஒவ்வொருவராக வெளியே வருவதை அம்சவள்ளி முன் இருக்கையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மெல்ல இறங்கி, செருப்பை வாசலில் விட்டுவிட்டு, வரிசையில் போய் நின்றுகொண்டார். சாமியாருக்கு ஆளைத் தெரியாது. எல்லோருக்கும் போட்டதுபோல அவர் நெற்றியிலும் கட்டைவிரலால் ஒரு சாம்பல் சிலுவை போட்டு அனுப்பினார்.

"திருநீறு தானேடி?" என்றார் அம்சவள்ளி, வேனில் ஏறியதும். "சாமி வீட்டுல குடுத்தா வாங்கிக்கிட வேண்டியதுதான்."

அக்கா சிரித்துவிட்டு வண்டியை எடுத்தார். எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது.

அம்சவள்ளியின் மகன் லிங்கேஸ்வரனுக்குச் சிரிப்பு வரவில்லை. ரவாங்கில் தொழிற்சாலை வேலை. அன்று அவனுக்கு ஓய்வு நாள். தாயைக் கைபிடித்து இறக்க வாசலுக்கு வந்தவன் நெற்றியைப் பார்த்தான். பிறகு அக்காவின் நெற்றியைப் பார்த்தான். இரண்டிலும் ஒரே சிலுவை.

"இதுக்குத்தான் ஓசி வேன் விட்டீங்களா?" என்றான்.

"தம்பி, அது..."

"எங்க சித்தி குடும்பத்துக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சாங்க. சுங்கை ஆயர் தாவார்ல. மொதல்ல அரிசி, அப்புறம் செபம். கடைசியில எங்க பாட்டி காரியத்துக்குக்கூட வரல. நீங்க இனிமே இந்தப் பக்கம் வராதீங்க."

அவன் சித்தி சேர்ந்தது வேறு ஏதோ ஒரு சபை. மாதா கோயிலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அக்கா அதைச் சொல்லியிருக்கலாம். தலையை ஆட்டிவிட்டு வண்டியை நகர்த்தினார். மறுநாள் காலைக்குள் யாரோ எடுத்த அம்சவள்ளியின் நெற்றிப் படம் ஊரில் பாதிப் பேருடைய கைப்பேசியில் இருந்தது.

வெள்ளிக்கிழமை லிங்கேஸ்வரன் விடுப்பு எடுத்துத் தாயை அழைத்துப் போனான். திங்கட்கிழமை நண்பனின் காரை இரவல் வாங்கி அழைத்துப் போனான். இரண்டு நாளும் அக்கா அந்த வீட்டு வாசலில் வேனை நிறுத்தினார். இரண்டு ஹாரன். மனதுக்குள் ஒரு 'அருள்நிறை மரியே' செபம் சொல்லி முடிக்கிற நேரம் காத்திருந்தார். பிறகு கிளம்பினார். முன் இருக்கையில் யாரையும் உட்காரவிடவில்லை.

"நான் முன்னால வரட்டா? பின்னால இடுப்பு கழண்டு போவுது," என்று முருகையா கேட்டுப் பார்த்தார்.

"அது அம்சா சீட்டு."

"அம்சாதான் வரலையே."

"சீட்டு வந்திருக்கு லா."

கோயில் மன்றத் தலைவர் புனிதன் நல்ல மனிதர். சண்டை என்றால் ஒதுங்கிப் போகிறவர். "அக்கா, அந்த வீட்டுப் பக்கம் வேன விடாதீங்க. பெரிசா போயி, மத்த நாலு பேருக்கும் வேன் இல்லன்னு ஆயிடப் போவுது," என்றார்.

"ரோடு கவர்மெண்டோடது, புனிதா. ஹாரன் மட்டும்தான் கோயிலோடது. வேணும்னா அதக் கழட்டி வச்சிக்க, நான் கையத் தட்டிக் கூப்புடுறேன்."

அடுத்த புதன்கிழமை லிங்கேஸ்வரனுக்கு விடுப்பும் கிடைக்கவில்லை, காரும் கிடைக்கவில்லை. இரண்டு ஹாரன் அடித்தபோது ஜன்னல் திரை கொஞ்சம் விலகி மூடிக்கொண்டது. கதவு திறக்கவில்லை. நிலையத்தில் அம்சவள்ளியின் நாற்காலி காலியாகக் கிடந்தது. "வரலையா அவங்க?" என்று தாதி அக்காவைத்தான் கேட்டாள். ஒரு தடவை தவறினால் கால் வீங்கும். நீர் நெஞ்சில் ஏறினால் மூச்சு முட்டும். வேனில் வருகிற ஐந்து பேருக்கும் இது மனப்பாடம். திரும்பும்போது அக்கா வானொலியைப் போடவில்லை.

வேனைப் பாலத்தில் நிறுத்தியதும் அக்கா என் பக்கம் திரும்பினார். "வா, போவோம். அங்க வந்து நீ வாயத் தொறக்காத." நாங்கள் போனபோது லிங்கேஸ்வரன் அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தான், சட்டையில் தொழிற்சாலை அட்டை தொங்கியது. கேட்டைத் திறக்கவில்லை. அக்காவும் திறக்கச் சொல்லவில்லை. உள்ளே நாற்காலியில் அம்சவள்ளி சாய்ந்திருந்தார். ஒரு வாக்கியத்தை இரண்டு மூச்சில் சொல்லிக்கொண்டிருந்தார். "வாடி பிலோ... தண்ணி... குடிக்கலடி நான்."

"தெரியும் அம்சா. நீ பேசாத." அக்கா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "தம்பி, சாம்பல் போட்டது சாமியாரு. அவருக்கு ஒங்கம்மாவத் தெரியாது. எனக்குத் தெரியும். பாத்துக்கிட்டு சிரிச்சது நான். 'அம்சா, ஒம்மவன்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்க'ன்னு சொல்லியிருக்கணும். சொல்லல. தப்பு எம்மேல."

லிங்கேஸ்வரன் கேட்டின் கம்பியைப் பிடித்தபடி நின்றான். "நாளைக்கு எங்கம்மாவுக்கு ஒன்னுன்னா யாரு முறையில காரியம் செய்யிறதுன்னு ஒரு பேச்சு வரக்கூடாதுக்கா. எனக்கு அவங்க ஒருத்தங்கதான்."

"வராது. ஒன் கோவத்த எம்மேல வையி. எவ்வளவு நாள் வேணும்னாலும் வச்சிக்க. அவ ஒடம்பு மேல வைக்காத."

அவன் உள்ளே சாய்ந்திருந்த தாயைத் திரும்பிப் பார்த்தான்.

"காலையில நிலையத்துக்கு போன் அடி, எடம் இருந்தா அனுப்பச் சொல்வாங்க. இல்லாட்டி வெள்ளிக்கிழம பத்து மணி. ரெண்டு ஹாரன் அடிப்பேன்." தொப்பியை மாட்டிக்கொண்டு நடந்துவிட்டார். வழியில் என்னிடம் பேசிய ஒரே வார்த்தை: "பசிக்குதா?"

வியாழக்கிழமை நிலையத்தில் இடம் இல்லை. ராத்திரி மூச்சு அதிகமானால் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று மட்டும் சொல்லியிருந்தார்களாம். வெள்ளிக்கிழமை வேன் அந்த வாசலில் நின்றபோது பத்தாக ஐந்து நிமிடம் இருந்தது. இரண்டு ஹாரன். செபமாலை குலுங்கியது. அக்காவின் உதடு அசைவதை நான் பார்த்தேன். எத்தனை அருள்நிறை மரியே போனதென்று தெரியாது. அன்று நிச்சயமாக ஒன்றுக்கு மேல்.

கதவு திறந்தது.

லிங்கேஸ்வரன் தாயைக் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு வந்தான். தோளில் அவர் பையும் போர்வையும். வேலைக்குப் போகவில்லை போலிருக்கிறது. சட்டையில் அட்டை இல்லை. முன் கதவைத் திறந்து, தாயை உட்காரவைத்து, இடது கையைப் பத்திரமாக ஜன்னல் பக்கம் ஒதுக்கிவிட்டான். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன மடிப்புப் பொட்டலத்தை எடுத்தான்.

"நெத்தியில திருநீறு வச்சித்தான் அனுப்புவேன்," என்றான். அக்காவைப் பார்த்தபடிதான் சொன்னான்.

"வையிப்பா."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். வாய் அசைந்தது. என்ன சொல்கிறான் என்று யாருக்கும் கேட்கவில்லை. பழைய டீசல் எஞ்சின் தடதடவென்று எல்லாவற்றையும் விழுங்கியது. அம்சவள்ளி மகன் பக்கம் சாய்ந்து காதைக் கொடுத்துப் பார்த்தார். அவன் குரலை உயர்த்தினான். அப்போதும் கேட்கவில்லை.

பிலோமினா அக்காவின் கை சாவிக்குப் போனது.

"யேய், அணைக்காதம்மா!" என்று முருகையா பின்னாலிருந்து அலறினார். "அப்புறம் எவன் தள்றது? இங்க மேடும் இல்ல, பள்ளமும் இல்ல!"

அக்கா சாவியைத் திருப்பி, உருவி, மடியில் வைத்துக்கொண்டார்.