பாதி டாங்கித் தண்ணீர்

அமில லாரி ஊருக்குள் எந்தத் தெருவில் போகலாம், எதில் போகக்கூடாது என்று வழி எழுதித் தரும் ஆபீசில் அவள் பதினெட்டு வருஷம் குப்பை கொட்டியவள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கிணறு எது குறுக்கே வந்தாலும் வழியை வளைத்துவிடுவாள். அதனால் டிரைவர்கள் அவளுக்குச் சுத்துவழி என்று பெயர் வைத்தார்கள். வெளியாள் வைத்திருந்தால் போகட்டும். அவள் மாமனாருக்கு நான்கு பிள்ளைகள், நான்கு பேருக்கும் லாரிதான் பிழைப்பு. மூத்தவர் இவள் புருஷன். பெயரை முதலில் கட்டிவிட்டதே கடைக்குட்டிக் கொழுந்தன்தான்.

அந்த வருஷம் ரசாயன ஆலை மேனேஜர் சந்தைத் தெரு வழியைக் கேட்டு மனுப் போட்டார். ஆற்றங்கரை வழியில் ஒரு மணி நேரம் வீணாகிறதாம். சந்தைத் தெருவின் நட்டநடுவில் சின்னப் பிள்ளைகள் பள்ளிக்கூடம். இவள் முடியவே முடியாது என்று எழுதினாள். மேலதிகாரிக்கோ யாரையும் பகைத்துக்கொள்ள மனமில்லை.

"ஒரு லாரில தண்ணி ஏத்தி அந்தத் தெருவுல விட்டுப் பாப்போம். வில்லங்கமில்லாம தாண்டிட்டா நான் கையெழுத்துப் போட்டுருவேன்மா" என்றார்.

ஓட்ட வந்தவன் கொழுந்தன். சனம் நடமாடும் தெரு, கனம் குறைந்தால் நல்லது என்று நினைத்து இவள், "பாதி ரொப்பினா போதும்" என்றாள்.

"ஐயோ அண்ணி! பாதி வண்டிதான் பேயாட்டம் ஆடும். முழுசா ரொப்பச் சொல்லுங்க."

"நீ சும்மா இரு தம்பி. உனக்கு எதுக்கெடுத்தாலும் எதிர்ப்பாட்டு."

"வழி எழுதத் தெரியும், வண்டி தெரியாது" என்று முனகிக்கொண்டே அவன் ஏறினான். இவளும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் டாங்கர் லாரியில் அவள் ஏறியது அதுதான் முதல் தடவை.

மேலதிகாரியும் மேனேஜரும் பள்ளிக்கூட வாசலில் காத்திருந்தார்கள். லாரி சந்தைத் தெருவுக்குள் நுழைந்தது. காய்கறிக் கடை தாண்டியது, துணிக்கடை தாண்டியது. வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி போனது. இப்படியே தாண்டிவிட்டால் கையெழுத்து விழுந்துவிடுமே என்று இவள் பள்ளிக்கூட வாசலையே பார்த்தாள்.

"என்ன அண்ணி, மூஞ்சி இப்படித் தொங்குது? நான் நல்லா ஓட்டுறது பிடிக்கலையா?"

"ரோட்டைப் பாருடா!"

சந்திலிருந்து ஒரு தள்ளுவண்டி குபீரென்று வெளியே வந்தது. அவன் பிரேக்கை மிதித்தான். லாரி நின்றது. தண்ணீர் நிற்கவில்லை. பின்னாலிருந்து மொத்தமாய்ப் புரண்டு வந்து டாங்கியின் முன்சுவரில் டமார் என்று அறைந்தது. நின்ற லாரி இரண்டு முழம் முன்னே பாய்ந்தது. தள்ளுவண்டிக்காரர் வண்டியோடு விலகித் தப்பினார். டாங்கியின் அடியிலிருந்த குழாய் தெருவோரக் கல்லில் மோதி உடைந்தது.

தண்ணீர் பீறிட்டது. சாக்கடையை மீறி, கடைப்படிகளை நனைத்து, மேலதிகாரியின் செருப்பைத் தூக்கிக்கொண்டு நேராகப் பள்ளிக்கூட வாசலுக்குள் ஓடியது. உள்ளே பிள்ளைகள் கைதட்டிக் கூத்தடித்தார்கள். பெரியவர்கள் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

மேனேஜர் சுதாரித்துக்கொண்டார். "சார், இது செல்லாது! பாதி ரொப்பினதால வந்த வினை. யார் ரொப்பச் சொன்னது?"

இவள் வண்டியைவிட்டு இறங்கினாள். "நான்தான் சார். தப்பு என்னுது" என்றாள்.

கொழுந்தன் ஜன்னலில் தலையை நீட்டினான். "தப்பா? நீங்க முதல் சாயப்பட்டறையில பாதி அமிலத்தை இறக்கிட்டு, மீதியை அடுத்த பட்டறைக்குக் கொண்டுபோகச் சொல்றீங்களே மேனேஜர் சார், அது எப்படிப் போகுதாம்? தினமும் பாதி வண்டிதான் ஓட்டுறோம். அண்ணி தெரியாமச் சொன்னாலும் சரியாத்தான் சொல்லியிருக்காங்க."

மேலதிகாரி ஈரக் காலோடு வந்து, மனுவை லாரி முகப்பில் வைத்து, குறுக்கே ஒரு கோடு இழுத்து, தள்ளுபடி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இவளுக்குக் கண்ணும் சிரித்தது, மூக்கும் சிரித்தது.

"சந்தோஷம் இருக்கட்டும் அண்ணி" என்றான் கொழுந்தன். "இனி இந்தத் தெருவுல முன்னாடி போகக்கூடாது, வண்டி திருப்பவும் இடமில்ல. வந்த வழி மொத்தமும் ரிவர்ஸ்ல போகணும். பின்னாடி நின்னு வழி சொல்லுங்க."

சுத்துவழி முந்தானையை இடுப்பில் சுற்றிக்கொண்டு லாரிக்குப் பின்னால் ஓடினாள். "வா, வா, ஒடிச்சு வா!" என்று தெருவே அதிரக் கத்தினாள்.