தொட்டியை மாற்றச் சொன்ன அக்கா

எனக்குச் சந்தேக புத்தி உண்டு. பால் பாக்கெட்டை நாலு இடத்தில் அழுத்திப் பார்க்காமல் வாங்க மாட்டேன். வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனை வரை போனவள், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். "பூட்டு மேலகூட உனக்கு நம்பிக்கை இல்லியா?" என்பார் என் வீட்டுக்காரர். பூட்டின் மேல் நம்பிக்கை உண்டு, அதற்குச் சாவி செய்தவன் மேல்தான் இல்லை என்பேன். அவர் சிரிப்பார். நான் சிரிக்க மாட்டேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் திண்டிவனத்தில் குடியிருந்தோம். நான் பள்ளிக்கூட டீச்சர். கூடத்து ஜன்னலோரம் சிமென்ட் தொட்டியில் ஒரு மணி பிளான்ட் வைத்திருந்தேன். அதைக் கேட்டு வாங்கி வைத்தால் வராது, திருடி வைத்தால்தான் வரும் என்று எங்கள் பக்கம் எல்லோரும் சொல்வார்கள். நானும் தலைமை ஆசிரியையின் அறை ஜன்னலிலிருந்து ஒரு கணுவைக் கிள்ளி, ஹேண்ட்பேகில் ஒளித்துக் கொண்டுவந்துதான் வைத்தேன். அதைத் திருட்டு என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

இரண்டு வருடம் அது தரையில் சவலைப் பிள்ளையாகக் கிடந்தது. அதற்கு உயிர் கொடுத்தவர் எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்த அக்காதான். "படர விட்டா இப்படித்தான் டீச்சர் கெடக்கும். மேல ஏத்தி உடணும்" என்று ஒருநாள் ஆளுயரச் சவுக்குக் கழி ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் தேங்காய் நாரைச் சுற்றி, சணலால் இறுக்கி, தொட்டியில் நட்டுக் கொடியைக் கட்டினார். நாரில் தினமும் தண்ணீர் தெளிக்கச் சொன்னார். கணுவுக்குக் கணு வேர் விட்டு அது நாரைப் பிடித்துக்கொண்டது. மேலே போகப் போக இலை பெருத்தது. உச்சியில் விட்ட இலைகள் முறம் அளவு இருந்தன. வருகிறவர்கள் எல்லாம் செடியைப் பார்த்துவிட்டுத்தான் என்னைப் பார்த்தார்கள்.

அதன் பிறகு அக்கா ஒரே பாட்டாகப் பாடிக்கொண்டிருந்தார். "தொட்டி போதல டீச்சர். உள்ள வேரு சுத்திக்கினு கீது. பெரிய தொட்டியா வாங்கி மாத்திடலாம், நானே மாத்தித் தர்றேன்." இவருக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று யோசித்தேன். மாற்றும் சாக்கில் ரெண்டு கணுவை முந்தானையில் முடிந்துகொண்டு போவதற்காக இருக்கும் என்று நானே முடிவு செய்தேன். தொட்டி நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

அந்த வருடம் எனக்கு டைபாய்டு வந்து உடம்பு வற்றிப்போனது. கல்யாண மோதிரம் விரலில் நிற்காமல் கழன்றது. மாதா கோயிலில் மந்திரித்து அவர் போட்டுவிட்ட மோதிரத்தைக் கழற்றி வைக்க மனமில்லாமல், உள்பக்கம் நூல் சுற்றிப் போட்டுக்கொண்டேன். ஒரு திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் சாக்பீசை எடுக்கும்போது பார்க்கிறேன், விரல் மொட்டையாக இருக்கிறது.

அன்று காலை வீட்டுக்கு வந்து போனவர் அக்கா ஒருவர்தான். சாயங்காலம் அவர் வந்ததும், நான் கேட்ட தோரணையிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. தேய்த்துக்கொண்டிருந்த குண்டானை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். ஜன்னலோரத் தொட்டியைப் பார்த்தார்.

"மீன் கழுவுன தண்ணிய அந்தத் தொட்டியிலதானே ஊத்துவீங்க? அதோட உழுந்திருக்கும் டீச்சர். தொட்டிய கவுத்துப் பாருங்க."

எனக்குச் சுரீரென்றது. வீட்டில் எத்தனையோ இடம் இருக்க, இவர் நேராகத் தொட்டியைக் காட்டுகிறாரே. எடுத்தவருக்குத்தானே இடம் தெரியும்? இருந்தாலும் ஒரு கரண்டியை எடுத்து அவர் கண் முன்னாலேயே மேல்மண்ணைக் கிளறினேன். ஒன்றுமில்லை. "அடியில பாருங்க, கவுத்துங்க" என்றார் மறுபடி. ஆளுயரச் செடியைக் கவிழ்த்தால் கழி முறியும், இலை போகும். மோதிரத்தை எடுத்ததும் போதாது, செடியையும் தொலைக்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன். நாளை முதல் வர வேண்டாம் என்றேன்.

எங்கள் தெருவில் நாலு வீட்டு வேலைதான் அவருக்குப் பிழைப்பு. மற்ற மூன்று வீட்டுக்கும் அன்றைக்கே போய், உங்கள் சாமான்களைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த வாரத்திலேயே மூன்று வீடும் அவரை நிறுத்திவிட்டன. அதன் பிறகு அவர் எங்கள் தெருப் பக்கமே வரவில்லை. பார்த்தீர்களா, குற்றமுள்ள நெஞ்சு என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

இரண்டு வருடம் கழித்து அந்தத் தொட்டி பிளந்தது. வேர் நெருக்கி மேலிருந்து கீழ்வரை விரிசல் விட்டு, செடி கழியோடு ஜன்னல் கம்பியில் சாய்ந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து, நானும் வீட்டுக்காரருமாக மாற்ற உட்கார்ந்தோம். பெரிய தொட்டியில் செம்மண், மணல், மக்கிய சாணம் எல்லாம் கலந்து வைத்திருந்தேன். அவர் சுத்தியலால் தட்டிப் பழைய தொட்டியை உடைத்தார். தொட்டி போன பிறகும் வேர் தொட்டி உருவத்திலேயே நின்றது. அக்கா சொன்னபடியே சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

பிரித்துக்கொண்டே வந்தேன். பாதி ஆழத்தில் சில்லென்று ஏதோ நகத்தில் பட்டது. மண்ணைத் துடைத்தேன். என் மோதிரம்.

என் மனதில் முதலில் ஓடியதை மறைக்காமல் எழுதுகிறேன். 'அவளேதான் இங்கே புதைத்து வைத்திருக்கிறாள், பிறகு வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று.' வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

வீட்டுக்காரர் அந்த வேர்க்கட்டியை என் பக்கம் திருப்பிக் காட்டினார். மோதிரம் கிடந்த இடத்தைச் சுற்றிலும் சங்கரா மீன் செதில்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. மண் காய்ந்து தொட்டிச் சுவரை விட்டு விலகும் இடுக்கு வழியாகத் தண்ணீரோடு இறங்கியவை. எங்கள் வீட்டில் மீன் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். மீன் கழுவுவது நான். அந்தத் தண்ணீரை ஊற்றுவதும் நான். ஞாயிற்றுக்கிழமை அக்கா வேலைக்கு வருவதே இல்லை. "எடுத்தவங்க இடத்த காட்டிக் குடுப்பாங்களா?" என்று மட்டும் வீட்டுக்காரர் கேட்டார். மண் கையோடு உட்கார்ந்து அழுதேன்.

செடியை எப்படியோ நட்டு முடித்தோம். கழியைப் பிடித்துக்கொள்ள அவருக்குத் தெரியவில்லை, கட்ட எனக்குத் தெரியவில்லை. நாலு முறை சாய்ந்தது.

அக்கா கூட்டேரிப்பட்டில் இருப்பதாக விசாரித்துத் தெரிந்துகொண்டேன். வெறுங்கையோடு போகக் கூச்சமாக இருந்தது. நன்றாக வேர் விட்ட ரெண்டு கணுக்களை ஈரத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ரோட்டோரம் அக்கா வேகவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்றுக்கொண்டிருந்தார். மோதிரம் கிடைத்ததையும், எங்கே கிடைத்தது என்பதையும் சொன்னேன். மன்னித்துவிடுங்கள் அக்கா என்றேன்.

"கெடச்சிச்சா? நல்லது டீச்சர்" என்றார். மல்லாட்டையை அளந்து போட்டுக்கொண்டே பேசினார். கணுக்களை நீட்டினேன். வாங்கவில்லை.

"குடுத்தா வராது. திருடி வச்சாத்தான் வரும்பாங்க. எனக்கு அந்தப் பழக்கம் இல்ல டீச்சர்."

நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன். பஸ் வருவதைப் பார்த்துவிட்டுக் கிளம்பினேன். அப்போதுதான் கூப்பிட்டார். "டீச்சர், அந்த மூணு வூட்டுலயும் சொல்லிட்டீங்களா?"

சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. அவர் என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டு அடுத்த ஆளுக்கு மல்லாட்டை அளக்கத் தொடங்கினார்.

திண்டிவனத்தில் இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் நேராக எதிர் வீட்டுக் கதவைத் தட்டினேன். அந்த அம்மா என் விரலில் மோதிரத்தைப் பார்த்தார். தொட்டியிலிருந்து கிடைத்தது, அக்கா எடுக்கவே இல்லை, தப்பு என் மேல்தான் என்று மூச்சு வாங்கச் சொன்னேன். முழுவதும் கேட்டார். பிறகு என்னை உள்ளே இழுத்துக் குரலைத் தணித்துக்கொண்டார்.

"அட நீங்க வேற. அவளேதான் பொதச்சி வச்சிருப்பா டீச்சர், அப்புறமா எடுத்துக்கலாம்னு."

செதிலைப் பற்றிச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிச் சொன்னேன். அவர் நம்பாமல் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அந்தச் சந்தேகம் எனக்கு நன்றாகத் தெரிந்த சந்தேகம். இன்னும் இரண்டு வீடு பாக்கி இருந்தது.