பயப்பெட்டியில் நான் போட்ட சீட்டு

போன வாரம் மகளுக்கு ஸ்கூல் ஷூ வாங்கத் தில்லை நகர் போயிருந்தேன். வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்ததும் குப்பென்று அந்த ரப்பர் பசை வாசனை. உங்களுக்குப் பிடிக்குமோ என்னவோ, எனக்குச் சின்ன வயதில் அது உயிர். இப்போது மூச்சு முட்டுகிறது. அந்த வாசனையோடு ஸ்ரீரங்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றும் சேர்ந்து வந்துவிடுகிறது.

கல்லூரிக் கடைசி வருடம். சனிக்கிழமைதோறும் அந்தப் பள்ளிக்குப் போய் எட்டாம் வகுப்புப் பெண்களுக்குத் தன்னம்பிக்கை வகுப்பு எடுப்பேன். கண்ணைப் பார்த்துப் பேசு, வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல், இந்த மாதிரி. மூன்றாவது தோசை வேண்டாம் என்றுகூட வீட்டில் சொல்லத் தெரியாத என்னைக் கல்லூரியில் எதற்குத் தேர்ந்தெடுத்தார்களோ. சார்ட் அழகாக எழுதுவேன், அதனால்தான் இருக்கும்.

வகுப்பில் ஒரு ஷூ பெட்டி வைத்திருந்தோம். மூடியில் ஓட்டை போட்டு, 'பயப்பெட்டி' என்று நான்தான் எழுதி ஒட்டினேன். வீட்டில் சொல்லப் பயமாக இருப்பதைப் பெயர் போடாமல் எழுதிப் போட வேண்டும். ஒரு சீட்டை எடுத்து, பிள்ளைகளே அதை நடித்துப் பார்த்து வழி கண்டுபிடிப்பார்கள். ஆனால் வந்து விழுந்ததெல்லாம் பல்லியும் கணக்கு டீச்சரும்தான். பெட்டிக்கு மரியாதையாக இருக்கட்டுமே என்று ஒரு சனிக்கிழமை நானும் ஒன்று போட்டேன். யோசிக்கவே இல்லை, அதுபாட்டுக்கு வந்தது. 'நாளைக்கு என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். எனக்கு மேலே படிக்க வேண்டும். அப்பாவிடம் சொல்லப் பயம்.'

பார்த்தால், அன்று கைக்கு வந்ததும் அதே சீட்டு. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "இது வெளியிலேர்ந்து ஒரு அக்கா குடுத்ததுடா" என்று சமாளித்தேன்.

எங்கள் வீடு திருவெறும்பூரில். அப்பாவுக்குத் தொழிற்சாலை வேலை. அவர் கோபக்காரர் இல்லை. கோபப்பட்டிருந்தால் எதிர்த்தாவது பேசியிருப்பேன். எதற்கும் மெதுவாக ஒரே பதில்தான் சொல்வார். அன்று வகுப்பில் துப்பட்டாவைத் துண்டு மாதிரி தோளில் போட்டுக்கொண்டு அப்பாவாக நடித்த பெண், என் அப்பாவைப் பார்த்தே இராதவள், அதையே சொன்னாள்: "உன் நல்லதுக்குத்தானேம்மா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மகளாக நின்றவள் தேவி. ஒல்லிக் குச்சி, எப்போதும் கடைசி பெஞ்ச். நேரே பார்த்துச் சொன்னாள்: "என் நல்லத என்கிட்டயும் கேளுங்கப்பா. அவங்கள வர வேணாம்னு சொல்லிடுங்க. நான் படிக்கணும்."

வகுப்பே கைதட்டியது. நானும் தட்டினேன்.

பஸ்ஸில் அந்த மூன்று வரியையும் மனப்பாடம் செய்துகொண்டே வந்தேன். காவிரிப் பாலத்தில் மூன்றும் இருந்தன. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறும்போது இரண்டு. வீட்டு வாசலில் 'அப்பா' மட்டும். உள்ளே அம்மா கேசரிக்கு ரவை வறுத்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா" என்றேன்.

"என்னம்மா?"

"காபி போடவாப்பா?"

மறுநாள் வந்தவர்கள் பூ வைத்து, கையோடு மோதிரமும் போட்டுவிட்டுப் போனார்கள்.

அடுத்த சனிக்கிழமை மோதிரத்தின் கல்லை உள்ளங்கைப் பக்கம் திருப்பிக்கொண்டு வகுப்புக்குப் போனேன். தேவி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "அக்கா, அந்த அக்கா சொல்லிட்டாங்களா?"

"சொல்லிட்டாங்க."

"அவங்க அப்பா?"

"சரின்னுட்டாரு."

எவ்வளவு சுலபமாக வந்தது பாருங்கள். அப்பாவிடம் வராத தைரியம் பொய்க்கு வந்தது.

அதற்கடுத்த வாரம் தேவி ஓடி வந்தாள். பரீட்சை முடிந்ததும் பெரியம்மா வீட்டில் குழந்தை பார்த்துக்கொள்ள அவளை அனுப்புவதாக இருந்தார்களாம், படிப்பை நிறுத்திவிட்டு. பெட்டியில் அவள் ஒருநாளும் போடாத சீட்டு அது. "நானும் சொல்லிட்டேங்க்கா! அப்பா ரெண்டு நாள் பேசல. நேத்து, படின்னு சொல்லிட்டாரு. அந்த அக்காகிட்ட சொல்லிடுங்க, அவங்களாலதான்." சந்தோஷத்தில் என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். குலுக்கியவள் நிறுத்தி, விரலைப் பார்த்தாள்.

"மோதிரம் திரும்பிடுச்சுக்கா" என்று கல்லை மெதுவாக மேலே திருப்பிவிட்டாள்.

நான் அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள். பிறகு நான் அந்தப் பள்ளிக்குப் போகவில்லை.

இப்போது தென்னூரில் இருக்கிறேன். கணவர் நல்லவர், அதிர்ந்து பேசமாட்டார். அதுவும் அப்பா மாதிரியே. அந்தச் சனிக்கிழமை வகுப்பு நின்றுபோய் வெகுநாளாயிற்று என்கிறார்கள். தேவி எங்கே இருக்கிறாளோ, தெரியாது. எங்கேயோ படித்து முடித்திருப்பாள் என்று நினைக்கும்போது நிஜமாகவே சந்தோஷமாக இருக்கிறது, கொஞ்சம் பொறாமையாகவும்.

மகள் காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "அம்மா, ஹாக்கி டீம்ல சேரணும்னு நீயே அப்பாகிட்ட சொல்லேன். எனக்குப் பயமா இருக்கு."

என் கை பழக்கத்தில் மோதிரத்துக்குப் போயிற்று. விரல் பருத்துவிட்டது. இப்போதெல்லாம் அது எந்தப் பக்கமும் திரும்புவதில்லை.